நாற்பத்தொன்றாம் வில்லை

எங்கள் கோடை முகாமில் பொய் சொன்னால் பாத்திரம் கழுவ வேண்டும். அடித்துக்கொண்டால் இரண்டு நாள் விறகு பொறுக்க வேண்டும். இன்னொருத்தியின் வில்லையைத் திருப்பினால் அடுத்த பஸ்ஸில் வீடு. வந்திறங்கிய முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது மிஸ் டிரம்மண்ட் எழுந்து நின்று இதை வாசிப்பார். ஏரிக்கு அவர்தான் பொறுப்பு. ஏரியையே அவர்தான் வெட்டியது போன்ற தோரணை. நாற்பது பெண்களும், சமையலறைக் கதவில் சாய்ந்தபடி சமையல்காரர் மிஸஸ் திபோடோவும் கேட்டுக்கொண்டிருப்போம்.

வில்லை என்பது ஜாம் புட்டி மூடி அளவு வட்ட மரத்துண்டு. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு, இரண்டு பக்கமும் நம்பர். படகுத்துறையின் கோடியில் ஒரு பலகை, அதில் வரிசைக்கு எட்டாக ஆறு வரிசை ஆணி. தண்ணீரில் இறங்குமுன் நம் வில்லையைச் சிவப்பாக்க வேண்டும், ஏறியதும் வெள்ளையாக்க வேண்டும். நீச்சல் முடிந்து ஒரு வில்லை சிவப்பாக நின்றால் மணி அடிப்பார்கள். எல்லோரும் கைகோத்துக்கொண்டு ஏரிக்குள் நடந்து காலால் துழாவ வேண்டும். பாதி நேரம் அந்தப் பெண் கழிப்பறையில் இருப்பாள். ஆனாலும் துழாவும்போது காலில் ஒரு வழுவழுப்பான கட்டை பட்டால் உயிர் போய் உயிர் வரும்.

ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் எனக்குப் பன்னிரண்டு வயது. பெயர் ஹெஸ்டர், வில்லை நம்பர் பத்தொன்பது. என் மூக்கு எங்கே நுழையக்கூடாதோ அங்கேதான் நுழையும் என்று அம்மா சொல்வாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மூன்றாவது வாரம் பலகைப் பொறுப்பு என்னிடம் வந்தது. மதியம் சாப்பிட்டபின் ஒரு மணிநேரம் எல்லோரும் குடிலில் படுத்தே ஆகவேண்டும். பலகைப் பெண் மட்டும் கால் மணி முன்னதாக எழுந்து துறைக்குப் போகலாம். ஏரியில் ஒரு பிள்ளை இல்லாமல், பைன் மரங்கள் மட்டும் நிற்க, அந்தக் கால் மணி எனக்கே எனக்கு.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் நாற்பத்தொன்று சிவப்பாக இருந்தது.

அந்த வருஷம் முகாமில் நாற்பது பேர்தான். நாற்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரை ஆள் இல்லாத வில்லைகள், அடி வரிசையில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். பெரிய குடில் பெண்களின் குறும்பு என்று நினைத்தேன். என் பலகை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அதை வெள்ளையாக்கினேன். செவ்வாய்க்கிழமை மறுபடி சிவப்பு. இந்த முறை வில்லை ஈரமாகவும் இருந்தது. மற்ற நாற்பத்தேழும் வெயிலில் காய்ந்து கிடக்க, இது மட்டும் ஈரம். அதையும் திருப்பினேன். ஆனால் அதற்கப்புறம் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

பக்கத்துக் கட்டில் லோயிஸிடம் மட்டும் சொன்னேன். அவள் உடனே செத்துப்போன பெண் ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் காலத்தில் மூழ்கினவளாம், இன்னும் கரையேறவில்லையாம், அதனால் வில்லை சிவப்பாகவே இருக்கிறதாம்.

"செத்தவளுக்கு நம்பர் எதுக்குடி?" என்றேன்.

"நீ மட்டும் திருப்பிக்கிட்டே இரு. ஒருநாள் உன் பின்னாலயே வந்து நிப்பா பாரு."

லோயிஸின் பேய்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரிய குடில் பெண்களைத்தான் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியிருந்தது. புதன்கிழமை மதியம் சாப்பாட்டு மணிக்கு முன்னால், கரையிலிருந்து வாளியில் மணல் கொண்டுவந்து துறைப் பலகைகள்மேல் மெல்லிசாகத் தூவினேன். கரையிலிருந்து வில்லைப் பலகைக்குப் போக அந்த ஒரு வழிதான் உண்டு. எவள் நடந்தாலும் கால்தடம் விழும். தடத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, அன்றைக்கு மக்ரோனியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

ஒன்றே முக்காலுக்குப் போனேன். மணல் தூவியபடியே இருந்தது. ஒரு குருவிகூட நடக்கவில்லை. நாற்பத்தொன்று சிவப்பு.

லோயிஸ் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு வில்லையைத் திருப்பிவிட்டு, மணலைக் கூட்டித் தள்ளினேன். மிஸ் டிரம்மண்டிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்த பெருமை எனக்கு இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. மூன்று நாளாக நான் திருப்பியிருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். அது யாருடைய வில்லையும் இல்லைதான். ஆனாலும் மிஸ் டிரம்மண்டிடம் அதை விளக்குவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. அந்த வாரம் மட்டும் நான் எந்த வம்பிலும் மாட்டக்கூடாது.

ஏனென்றால் சனிக்கிழமை ஹெரான் தீவு. பன்னிரண்டு முடிந்தவர்கள் மட்டும் தாங்களே துடுப்புப் போட்டுப் போய், இரண்டு இரவு கூடாரத்தில் தங்கிவிட்டு வருவார்கள். நாலு கோடையாக நான் கரையில் நின்று மற்றவர்களுக்குக் கையசைத்திருக்கிறேன். போவதற்கு ஒரு சோதனை உண்டு. நடு ஏரியில் படகை நாமே கவிழ்த்து, நாமே நிமிர்த்தி, தண்ணீரை இறைத்துவிட்டு ஏறி உட்கார வேண்டும். நான் மூன்றாவது முறையில் தேறினேன். முழங்காலில் இன்னும் காயம் ஆறவில்லை. அந்தத் தீவுக்குப் போகாவிட்டால் செத்தே போவேன் என்று நினைத்த வயது.

வியாழக்கிழமை மறுபடி மணல் தூவினேன். மறுபடி தடம் இல்லை. மறுபடி சிவப்பு. குனிந்து பார்த்தேன். வில்லையின் கீழ் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. பாதையில் மிஸ் டிரம்மண்ட் பெட்ரோல் கேனோடு வந்துகொண்டிருந்தார். மிதவையை இழுத்து வைக்க மோட்டார் படகு எடுக்க வேண்டுமாம். பலகைக்குப் பக்கத்திலேயே, துறையை ஒட்டித்தான் அந்தப் படகு கட்டியிருக்கும். ஆளில்லா வில்லை சிவப்பாக இருந்தால் என் தலை உருளும். சட்டென்று திருப்பிவிட்டு நேராக நின்றுகொண்டேன்.

அவர் மணலைப் பார்த்து முகம் சுளித்தார், ஒன்றும் கேட்கவில்லை. படகில் இறங்கி, எஞ்சினின் கயிற்றைச் சுற்றியபடி வழக்கமான கேள்வியைக் கேட்டார். பலகைப் பெண் பதில் சொல்லாமல் எஞ்சினைத் தொடமாட்டார்.

"பலகை?"

"எல்லாம் வெள்ளை, மிஸ்."

அவர் காலை அகட்டி நின்று கயிற்றைப் பிடித்தார். அப்போது நாற்பத்தொன்றிலிருந்து ஒரு சொட்டு என் கால் விரலில் விழுந்தது. ஜில்லென்றிருந்தது. மணலில் தடம் இல்லை. வில்லையில் ஈரம். அப்படியென்றால் அதைத் தொட்டவள் பலகைமேல் நடந்து வரவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து கையை நீட்டித் திருப்பியிருக்கிறாள். அடி வரிசை, கைக்கு எட்டும். திருப்பியவள் இன்னும் தண்ணீரை விட்டு ஏறவில்லை.

இதைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகிறது. அன்றைக்கு ஆகவில்லை. நான் கத்தினேன்.

"மிஸ், இழுக்காதீங்க! நாப்பத்தொண்ணு சிவப்பு. நான்தான் திருப்பிட்டேன்."

கயிறு அவர் கையில் அப்படியே நின்றது. எந்த நாற்பத்தொன்று, அந்த நம்பரில் யாரும் இல்லையே என்றார். எனக்குத் தெரியாது, ஆனால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், மெல்லக் கயிற்றைக் கீழே வைத்தார்.

துறைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தான். பயப்படாதீங்க."

எஞ்சினின் விசிறிக்கு ஒரு முழம் தள்ளி, துறையின் குறுக்குக் கட்டையைப் பிடித்தபடி மிஸஸ் திபோடோவின் தலை எழுந்தது. தலையில் ரொட்டி மாவுப் பையை வெட்டித் தைத்த தொப்பி. பிறகு படகுக்கும் துறைக்கும் நடுவில் கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து, ஏணியைப் பிடித்து மேலே வந்தார். புருஷனின் கட்டம்போட்ட சட்டை முழங்கால்வரை ஒட்டிக்கொண்டிருந்தது. ஐம்பது வயது, நல்ல பாரியான உடம்பு. பதினோரு கோடையாக எங்களுக்குச் சோறு போடுகிறவர். அவர் காலை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

மிஸ் டிரம்மண்ட் அவரைத் திட்டிய திட்டை நான் இங்கே எழுதப்போவதில்லை. பாதி நியாயம்தான். நீச்சல் தெரியாதவர், காவல் இல்லாமல், படகுக்கு அடியில். இரண்டு வருஷத்துக்கு முன்பே மிஸஸ் திபோடோ தனக்கும் நீச்சல் சொல்லித்தரும்படி கேட்டாராம். பலகை பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று அப்போதே சொல்லிவிட்டாராம் மிஸ் டிரம்மண்ட். அதனால்தான் மதிய ஓய்வில், படகுக் கொட்டகைக்குப் பின்னாலுள்ள புதர் வழியாக இறங்கி, துறைக்கு அடியிலேயே நடந்து வந்து, கட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பழகியிருக்கிறார்.

"எதுக்கு இந்த வேலை உங்களுக்கு?" என்றார் மிஸ் டிரம்மண்ட்.

"பதினோரு வருஷமா சாப்பாட்டு மேசையில இதுங்க பேசறதைக் கேக்கறேன். உள்ள கண்ணத் தொறந்தா பச்சையா இருக்கும்ங்குது ஒண்ணு. இல்ல, டீத்தண்ணி கலர்ங்குது இன்னொண்ணு. எதுதான் நெஜம்னு பாக்கணும்னு தோணிச்சு."

"பாத்தீங்களா?" என்று கேட்டது நான்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

"டீத்தண்ணிதான்," என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீதானா அது? நாலு நாளா யாரோ என் வில்லையத் திருப்பி வெக்கிறாங்க. விஷயம் தெரிஞ்ச யாரோ, என்னைக் காட்டிக்குடுக்காம மறைக்கறாங்கன்னு நெனச்சேன். நல்ல மனசுன்னு நெனச்சேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மிஸ் டிரம்மண்ட் பலகையோரம் தொங்கும் பதிவு நோட்டை எடுத்தார். அவருக்கு எதுவும் நோட்டில் ஏறியாக வேண்டும். மிஸஸ் திபோடோவைப் பார்த்து, நாற்பத்தொன்று உங்களுடைய வில்லையா என்று கேட்டார். கேட்டவிதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்தது. மிஸஸ் திபோடோவுக்கும் புரிந்தது. இன்னொருத்தியின் வில்லையைத் திருப்பினால் அடுத்த பஸ். முதல் இரவு அது வாசிக்கப்படும்போது பதினோரு முறை கதவில் சாய்ந்து கேட்டவர் அவர்.

அவர் என் முழங்காலைப் பார்த்தார். தீவுச் சோதனையில் பட்ட காயம் என்று அவருக்குத் தெரியும், ஐஸ்கட்டி வைத்துக் கட்டியதே அவர்தான்.

"இல்ல மிஸ்," என்றார். "சும்மா ஒரு கிறுக்குல எடுத்துத் திருப்பினேன். அது யாரோடதும் இல்ல."

மிஸ் டிரம்மண்டின் தோள் தளர்ந்தது. யாருடையதும் இல்லையென்றால் ஹெஸ்டர் யாருடைய வில்லையையும் திருப்பவில்லை, சரி, இனி சமையலறை ஆட்கள் ஏரிப் பக்கமே வரக்கூடாது, பேச்சு முடிந்தது என்றார். நோட்டை மூடப் போனார்.

நானும் வாயை மூடியிருக்க வேண்டும். தீவு என் கைக்குள் இருந்தது. ஆனால் மிஸஸ் திபோடோ குனிந்து சட்டை ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. முகாமில் நாற்பது பேரில் வில்லையைத் திருப்ப ஒருமுறையாவது மறக்காதவள் ஒருத்தி கிடையாது. காவல் இல்லை, பார்க்க ஆள் இல்லை, கேட்க நாதி இல்லை, இந்த மனுஷி நாலு நாளும் தவறாமல் சிவப்பாக்கியிருக்கிறார். நான் நாலு நாளும் அவர் தண்ணீரில் இல்லை என்று ஆக்கியிருக்கிறேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, என்மேலும் மிஸ் டிரம்மண்ட்மேலும்.

"யாரோடதும் இல்லேன்னா, நீங்க ஏன் மிஸ் கயித்த இழுக்காம விட்டீங்க?" என்றேன்.

மிஸஸ் திபோடோ, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார். மிஸ் டிரம்மண்ட் என்னைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, நாற்பதாம் பெயருக்குக் கீழே எழுதினார். எழுதும்போதே உரக்கச் சொன்னார்.

"நாப்பத்தொண்ணு. ஓதில் திபோடோ. நாளைக்கு ரெண்டேகாலுக்குச் சின்னப் பிள்ளைங்களோட வந்து நில்லுங்க. நீச்சல் உடுப்புல, இந்தச் சட்டையில இல்ல."

அடுத்து என் பக்கம் திரும்பினார். வெள்ளிக்கிழமை நாலு பத்துக்குக் கடைவீதி முனையில் போர்ட்லண்ட் பஸ். அதை விட்டால் திங்கட்கிழமைதான். அம்மாவுக்குப் போன் செய்துவிடுவதாகச் சொன்னார். குரலில் சூடு ஒன்றும் இல்லை, அதுதான் ரொம்ப வலித்தது. நான் குடிலுக்குப் போய்த் தலையணையில் முகத்தை அழுத்தி அழுதேன். சரியானதைச் செய்தோம் என்ற நிம்மதியெல்லாம் வரவில்லை. லோயிஸ் தன் சாக்லேட்டைப் பாதி உடைத்துக் கொடுத்தாள். அவள் அப்படியெல்லாம் கொடுக்கிறவள் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் என் பெட்டியை லாரியில் ஏற்றியாகிவிட்டது. முகாம் லாரியை ஓட்டுபவர் அர்மான், மிஸஸ் திபோடோவின் புருஷன். நான் கிளம்புகிற நாளிலும் மிஸ் டிரம்மண்ட் என்னை விடவில்லை.

"இந்த வாரம் உன் பொறுப்பு. பாதியில விட்டுட்டுப் போகக்கூடாது. நீச்சல் முடிஞ்சு பலகை முழுக்க வெள்ளையானதும் போய் லாரியில ஏறு."

பலகையோரம் நின்றேன். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகச் சிவப்பாக்கிவிட்டு இறங்கினார்கள். கடைசியில் மிஸஸ் திபோடோ வந்தார். எங்கிருந்தோ கடன் வாங்கிய நீல உடுப்பு, அதே மாவுப் பைத் தொப்பி. சின்னப் பிள்ளைகள் சிரித்தன. அவரும் சிரித்தார். நாற்பத்தொன்றைச் சிவப்பாக்கினார், என்னை ஒரு பார்வை பார்த்தார், எட்டு வயதுக் குஞ்சுகளோடு வரிசையில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார். துறையில் நின்ற நான் முழுக்க நனைந்தேன்.

மூன்றேகாலுக்கு விசில். எல்லோரும் ஏறினார்கள், எல்லாம் வெள்ளையாயிற்று, நாற்பத்தொன்றைத் தவிர. மிஸஸ் திபோடோ கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். மிஸ் டிரம்மண்ட் இரண்டாம் விசில் ஊதினார்.

"கால் ஒதைக்கறது இன்னும் சரியா வரல மிஸ்," என்றார் அவர்.

மூன்றரை ஆயிற்று. மேலே லாரி ஒருமுறை ஹாரன் அடித்தது. சற்று நேரத்தில் அர்மானே இறங்கி வந்தார். மனைவியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைவீதிக்கு இருபது நிமிஷம் ஆகும். பக்கத்தில் கிடந்த மரத்தில் உட்கார்ந்து, நிதானமாகக் குழாயில் புகையிலை அடைக்க ஆரம்பித்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாகுது அர்மான்," என்றார் மிஸ் டிரம்மண்ட்.

"ஆகுதுதான். பலகை வெள்ளையாகாம எப்படி வண்டிய எடுக்கறது? உங்க சட்டம்தான மிஸ்."

மேற்கு வெயில் மரங்களுக்குப் பின்னால் போனதும் அந்த ஏரி சட்டென்று குளிர்ந்துவிடும். மிஸஸ் திபோடோவின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவர் ஏறவில்லை. முகத்தைத் தண்ணீரில் வைப்பார், எடுப்பார், என்னவோ பெரிய பயிற்சி நடப்பதுபோல ஒரு காலை உதைப்பார். என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் சிவப்பாகத் தொங்கியது நாற்பத்தொன்று. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். எதற்காக நிற்கிறார் என்று எனக்குப் புரிய நாலு மணி ஆயிற்று. பஸ் போகும்வரை அவர் ஏறப்போவதில்லை.

மிஸ் டிரம்மண்ட் ஒரே வார்த்தையில் இதை முடித்திருக்கலாம். நான் பலகையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, கேட்கிற தைரியம் எனக்கு எந்த வயதிலும் வரவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துறையின் ஓரத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து உதைக்கும்படி மிஸஸ் திபோடோவுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

நாலு இருபதுக்கு அர்மான் குழாயைத் தட்டிவிட்டு எழுந்து, பஸ் போய்விட்டது என்று அறிவித்தார். மிஸ் டிரம்மண்ட் ஏரியைப் பார்த்தபடியே பேசினார்.

"நாளைக்கு நானும் உங்க குடில் பிள்ளைங்களும் தீவுல இருப்போம். குடில்ல உன்னைப் பாத்துக்க ஆள் கிடையாது. பெட்டியிலிருந்து கூடாரத்துக்கு வேணுங்கற துணிய மட்டும் எடுத்து வை."

மிஸஸ் திபோடோ ஏணியில் ஏறினார். பல் தந்தியடித்தது, கை நடுக்கத்தில் நாற்பத்தொன்று முதல் தடவை ஆணியிலிருந்து நழுவியது. இரண்டாம் தடவையில் வெள்ளையாக்கி மாட்டினார். நான் துண்டை அவர் தோளில் போர்த்தினேன். கட்டிப்பிடித்தேன். என் சட்டையும் மறுபடி நனைந்தது.

"விடு பொண்ணே, அடுப்பு இன்னும் பத்தவைக்கல," என்றார். "இன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு லேட்டுதான். யாராவது கேட்டா என் நம்பரச் சொல்லு."

அன்றைக்கு மீன் சூப் மேசைக்கு வர எட்டு மணி ஆயிற்று. நாற்பது பேரும் முணுமுணுத்தார்கள். கேட்ட ஒவ்வொருத்தியிடமும் நான் சொன்னேன்.